அல்-ஜாஹிழ்: பகிடியும் எழுதினார், மார்க்கமும் எழுதினார்



எழுத்துப் பயிற்சி வகுப்புகளுக்காகப் பாடசாலைகளுக்குப் போகும்போது இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். பிள்ளைகளோடு வந்திருக்கும் உம்மாமார் கேட்பது, "இத எழுதிச் சாப்பிடலாமா?" என்பது. பிள்ளைகள் கேட்பது, "மார்க்கத்தப் பத்தி எழுதுற ஆள் பகிடியும் எழுதலாமா மிஸ்?" என்பது. இரண்டும் நியாயமான கேள்விகள்.

நான் எந்தப் பத்திரிகைக் காரியாலயத்திலும் சம்பளம் பெறுபவள் அல்ல. ஞாயிறு இதழுக்கு ஒரு நகைச்சுவைக் கட்டுரை, சஞ்சிகைக்கு ஓர் இலக்கியக் கட்டுரை, ரமழானில் வானொலிக்குச் சில சிந்தனைப் பிரதிகள் என்று கேட்பவருக்கு எழுதிக் கொடுத்து வருகிறேன். கொடுத்ததெல்லாம் வெளிவருவதில்லை. வெளிவந்ததற்கெல்லாம் காசு வருவதுமில்லை. இதற்குச் சுயாதீன எழுத்தாளர் என்று கௌரவமான ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் மேற்சொன்ன கேள்விகளுக்கு என் கதையைச் சொல்வதிலும் பார்க்க, இத்தொழிலில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவரான ஒருவரின் வாழ்க்கையைப் படிப்பது பயன் தரும் என்று நினைக்கிறேன். இஸ்லாமிய நாகரிகம் பாடம் எடுக்கும் பிள்ளைகள் அப்பாஸியர் காலத்தில் அவருடைய பெயரைச் சந்தித்திருப்பீர்கள்.

அபூ உஸ்மான் அம்ர் இப்னு பஹ்ர் என்பது அவருடைய பெயர். ஹிஜ்ரி 160 அளவில், அதாவது கி.பி. 776 அளவில், ஈராக்கின் துறைமுக நகரான பஸராவில் பிறந்தார். கண்விழிகள் பிதுங்கி நின்றதால் 'அல்-ஜாஹிழ்' என்று பட்டப்பெயர் விழுந்தது. விழி பிதுங்கியவர் என்று அர்த்தம். அந்தப் பட்டப்பெயரால்தான் உலகம் இன்றும் அவரை அறிகிறது. அழகற்ற தோற்றத்தைப் பற்றி ஊர் சொன்ன பகிடிகளை அவர் தாமும் சேர்ந்து சொல்லிச் சிரித்திருக்கிறார்.

குடும்பம் ஏழைக் குடும்பம். கினானாக் கோத்திரத்தாரைச் சார்ந்து வாழ்ந்தவர்கள். பாட்டனார் கறுப்பு நிறத்தவர், ஒட்டகம் ஓட்டியவர் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். ஜாஹிழ் இளவயதில் ஸைஹான் கால்வாய்க் கரையில் ரொட்டியும் மீனும் விற்றார். பொழுதுபட்டதும் வர்ராக்குகளின் கடைகளை இரவுக்கு வாடகைக்கு எடுத்து, விடியும் வரை அங்கிருந்த நூல்களை வாசிப்பாராம். வர்ராக் என்பவர் கடதாசி விற்பவர், நூல்களைக் கையால் பிரதி செய்பவர், விற்பவர், மூன்றும் ஒருவரே. அச்சகம் இல்லாத அந்தக் காலத்தில் பதிப்பகம், புத்தகக் கடை, நூலகம் எல்லாம் அந்தக் கடைதான். ஒரு நூலை வாங்க வசதியில்லாதவர் கடையையே ஓர் இரவுக்கு வாங்கிய கெட்டித்தனத்தைப் பாருங்கள்.

பெற்றோருக்கு இந்த இடத்தில் ஒரு கதை. பிற்கால நூலொன்றில் பதிவாகியிருக்கிறது. மகன் எந்நேரமும் வாசிப்பும் எழுத்துமாக இருக்க, வீட்டுச் செலவைத் தாங்கிய தாய் ஒரு நாள் பொறுமை இழந்தார். மகன் சாப்பாடு கேட்டபோது ஒரு தட்டைக் கொண்டு வந்து வைத்தார். தட்டு நிறைய அவருடைய கொப்பிகள். "இதென்ன உம்மா?" "நீ வீட்டுக்குக் கொண்டு வாறது இதுதானே, மகன்." ஜாஹிழ் மனம் வாடிப் பள்ளிவாசலுக்குப் போனார். அங்கே அவருடைய அறிவை மதித்த செல்வர் ஒருவர் காரணத்தைக் கேட்டறிந்து 50 தீனார் கொடுத்தார். சந்தைக்குப் போய் மாவும் மற்றச் சாமான்களும் வாங்கிச் சுமையாட்கள் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தாய் வியந்தபோது, தட்டில் வைத்துத் தந்தீர்களே, அந்தக் கொப்பிகளிலிருந்துதான் என்றாராம்.

இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கு அந்தத் தாயின் பக்கமும் தெரிகிறது. அவர் கேட்டது அநியாயமான கேள்வியல்ல. 50 தீனாரும் எழுத்துக்கு வந்த கூலியல்ல, ஒரு நல்ல மனிதரின் அன்பளிப்பு. அப்படியானால் கூலி எப்படி வந்தது?

அதற்கு முன் அவர் படித்த இடங்களைச் சொல்ல வேண்டும். பஸராவின் ஜாமிஉப் பள்ளிவாசலில் தூணுக்கொரு வகுப்பு நடந்தது. அங்கேயும் அறிஞர் வீடுகளிலும் மொழி அறிஞர்களான அல்-அஸ்மயீ, அபூ உபைதா போன்றோரிடம் கேட்டார். நகருக்கு வெளியே மிர்பத் என்ற ஒட்டகச் சந்தை இருந்தது. பாலைவன அரபிகள் அங்கு வந்து இறங்குவார்கள். சுத்தமான அரபு மொழியைக் கேட்பதற்காகவே மாணவர்கள் அந்தச் சந்தைக்குப் போவார்கள். பள்ளிவாசல் மொழியும் சந்தை மொழியும் அவர் எழுத்தில் ஒன்றாகக் கலந்தன. காழிமாரையும் கலீபாக்களையும் எழுதியது போலவே மாலுமிகளையும் பிச்சைக்காரர்களையும் திருடர்களையும் சமையற்காரர்களையும் எழுதினார். நாளைக்கு எழுத வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: கடைத்தெருவில் உம்மாவோடு நிற்கும்போது போனைப் பார்க்காமல், மீன்காரர் என்ன சொல்லி விற்கிறார் என்று கேளுங்கள்.

பெயர் போடாமல் எழுதியது

புதிதாக எழுதுகிறவர்களுக்கு ஆறுதல் தரும் செய்தி ஒன்றை ஜாஹிழ் தம் சிறுநூல் ஒன்றில் சொல்கிறார். தாம் நன்றாகச் செதுக்கி எழுதிய ஒரு நூலைத் தம் பெயரிலேயே வெளியிட்டால், பொறாமை கொண்ட படிப்பாளிகள் கூடிக் குறை சொல்வார்களாம். அதைவிடத் தரத்தில் குறைந்த ஒன்றை எழுதி, முன்னர் வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவரின் பெயரில் வெளியிட்டால், அதே ஆட்கள் ஓடி வந்து பிரதி எடுத்துக்கொள்வார்களாம். 'கலீலா வ திம்னா'வை அரபுக்குக் கொண்டுவந்த இப்னுல் முகப்பஃ அவ்வாறு அவர் பயன்படுத்திய பெயர்களில் ஒன்று.

இது சரியா பிழையா என்று வகுப்பில் விவாதிக்கலாம். இன்று ஒருவர் பெயரில் இன்னொருவர் எழுதினால் மோசடி என்போம். எனக்கு இதில் படுவது வேறு. பத்திரிகைக்கு ஆக்கம் அனுப்பிவிட்டு மூன்று மாதம் பதிலில்லாமல் காத்திருக்கும் ஒரு பிள்ளை, பெயர் தெரிந்தவர் எழுதிய சுமாரான கட்டுரையை அதே பக்கத்தில் பார்த்து மனம் சலிக்கும்போது, இந்தச் சலிப்பு ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது என்று அறிந்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

மூன்று நாள் உத்தியோகம்

இமாமத், அதாவது தலைமைத்துவம், பற்றி அவர் எழுதியவை கலீபா அல்-மஃமூனின் பார்வைக்குப் போய்ப் பாராட்டுப் பெற்றன. பஸராக்காரர் பக்தாதுக்கு வந்தார். அரச கடிதங்களை வரையும் திணைக்களத்தில் அவருக்குப் பதவி கிடைத்தது. எங்கள் வாப்பாமார் கேட்டால் பள்ளிவாசலில் இனிப்புப் பங்கிட்டிருப்பார்கள். அரசாங்க உத்தியோகம், நிரந்தரச் சம்பளம்! ஜாஹிழ் மூன்று நாள் இருந்தார். பிறகு விலகிக்கொள்ள அனுமதி கேட்டுப் போய்விட்டார். பின்னாளில் அரச எழுதுவினைஞர்களின் குணங்களைக் கிண்டல் செய்து ஒரு சிறுநூலும் எழுதினார்.

அந்த மூன்று நாட்களில் அங்கே என்ன நடந்தது என்று ஆராய்வதில் எனக்கு அக்கறை இல்லை. அவர் விட்டுப் போனதன் விலையைத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு நூல் எத்தனை பிரதி விற்றாலும் வருமானம் வர்ராக்குக்குத்தான்; எழுதியவருக்கு உரிமைத்தொகை என்ற ஏற்பாடு கிடையாது. எழுத்தாளர் ஒரு நூலை எழுதி, அதைப் பெரிய மனிதர் ஒருவருக்குச் சமர்ப்பணம் செய்வார். அவர் மனமுவந்து கொடுப்பதே ஊதியம்.

ஜாஹிழுக்குக் கிடைத்தவை சிறு தொகைகள் அல்ல. விலங்குகளைப் பற்றிய 'கிதாபுல் ஹயவான்' என்ற பெருநூலை அமைச்சர் இப்னு அஸ்-ஸய்யாத்துக்குக் கொடுத்து 5,000 தீனார் பெற்றார். சொற்கலை பற்றிய 'அல்-பயான் வத்-தப்யீன்' நூலைத் தலைமைக் காழி இப்னு அபீ துஆதுக்குக் கொடுத்து 5,000 தீனார். பயிரும் ஈச்சமரமும் பற்றிய நூலை இப்ராஹீம் அஸ்-ஸூலீ என்ற உயர் அதிகாரிக்குக் கொடுத்து இன்னும் 5,000 தீனார். ஒரு தீனார் ஏறத்தாழ 4.25 கிராம் பொன். எங்கள் பவுண் 8 கிராம். ஆக, 5,000 தீனார் என்பது 2,600 பவுணுக்கு மேல். உம்மாமார் இப்போது நிமிர்ந்து உட்காருவீர்கள் என்று நினைக்கிறேன். பஸராவில் உங்களுக்குத் தோட்டம் துரவு ஏதும் உண்டா என்று ஒருவர் கேட்டபோது, ஜாஹிழ் இந்த மூன்று நூல்களின் கணக்கைச் சொல்லி, என்னுடைய தோட்டத்துக்கு எருவும் போடத் தேவையில்லை, புதுப்பிக்கவும் தேவையில்லை என்று பதில் சொன்னாராம்.

ஆனால் அந்தத் தோட்டத்தின் வேலி எவ்வளவு பலவீனமானது என்பதை ஹிஜ்ரி 233, அதாவது கி.பி. 847, காட்டியது. புதிய கலீபா அல்-முதவக்கில் அமைச்சர் இப்னு அஸ்-ஸய்யாத்தைக் கைது செய்தார். பிறரை வதைப்பதற்காக உள்ளே முட்கள் பதித்து அந்த அமைச்சர் செய்து வைத்திருந்த இரும்பு அடுப்புக்குள்ளேயே அவர் அடைக்கப்பட்டு இறந்தார். அவருடைய ஆள் என்று பெயரெடுத்திருந்த ஜாஹிழ் தப்பி ஓடினார். பிடிபட்டு, விலங்கிடப்பட்டு, இறந்தவரின் பகைவரான இப்னு அபீ துஆதின் முன் நிறுத்தப்பட்டார். அங்கே அவரைக் காப்பாற்றியது நாக்குத்தான். நான் கெடுதி செய்தேன், நீங்கள் நன்மை செய்தீர்கள் என்று ஊர் பேசினால் உங்களுக்கு அழகு. பழிவாங்க முடிந்த நேரத்தில் மன்னித்தீர்கள் என்று பேசினால் அதைவிட அழகு என்ற கருத்தில் பேசினார். காழி சிரித்துவிட்டார். விலங்கு கழன்றது, குளிக்க ஏற்பாடு நடந்தது, புதிய ஆடை வந்தது, சபையில் நல்ல இடமும் கிடைத்தது.

கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் ஒரு எழுத்தாளன் உயிர் பிழைக்கப் பகைவனைச் சிரிக்க வைக்க வேண்டி வந்த நிலைமையை யோசித்துப் பாருங்கள். எங்கள் காலத்தில் அடுப்பு இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஓர் இதழ் தன் பக்கங்களைக் குறைத்தால் முதலில் போவது சுயாதீன எழுத்தாளரின் பத்திதான். நான் பல வருடம் எழுதிவந்த ஒரு பக்கம் ஒரு வெள்ளிக்கிழமை தொலைபேசி அழைப்பு ஒன்றோடு நின்றுபோனது. அதனால்தான் இத்துறைக்கு வர விரும்பும் பிள்ளைகளிடம், கையில் வேறொரு தொழிலும் இருக்கட்டும், குறைந்தது மூன்று இடங்களுக்காவது எழுதுங்கள் என்று சொல்கிறேன்.

உழ்ஹிய்யா ஆடும் முஆதாவும்

இனி இரண்டாம் கேள்வி. பகிடியும் மார்க்கமும் ஒரே பேனையில் வரலாமா?

உலோபிகளைப் பற்றி ஜாஹிழ் எழுதிய 'கிதாபுல் புகலா' அரபு நகைச்சுவையின் தலைசிறந்த நூல்களில் ஒன்று. அதன் முன்னுரையில் அவர் சிரிப்புக்காகவே வாதாடுகிறார். சிரிக்க வைப்பவனும் அழ வைப்பவனும் அல்லாஹ்வே என்ற கருத்து ஸூறா அந்-நஜ்மில் 43ஆம் வசனத்தில் வருவதை எடுத்துக் காட்டுகிறார். அரபிகள் பிள்ளைகளுக்கு ழஹ்ஹாக், பஸ்ஸாம் என்று சிரிப்பையும் புன்னகையையும் குறிக்கும் பெயர்களை வைத்ததை நினைவுபடுத்துகிறார். நபி (ஸல்) அவர்களும் தோழர்களோடு பகிடியாகப் பேசியிருக்கிறார்கள். ஏறிச் செல்ல வாகனம் கேட்டு வந்தவரிடம் பெண் ஒட்டகத்தின் பிள்ளையைத் தருகிறேன் என்றார்கள். குட்டியை வைத்து நான் என்ன செய்ய என்று அவர் திகைத்தபோது, எந்த ஒட்டகமும் ஒரு பெண் ஒட்டகத்தின் பிள்ளைதானே என்று விளக்கினார்கள். ஹதீஸ் நூல்களில் வரும் சம்பவம் இது. அதில் பொய்யும் இல்லை, எவரும் புண்படவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

'புகலா'வில் பெண்கள் வரும் கதைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. மர்யம் என்ற பெண் மகள் பிறந்த நாள் முதல் ஒவ்வொரு நாளும் ரொட்டிக்கு மா பிசையும்போது ஒரு கைப்பிடி எடுத்து வைத்துச் சேர்த்து விற்று, மகளின் கலியாணத்துக்குத் தங்கமும் பட்டும் செய்கிறாள். எங்கள் வீடுகளில் பிடியரிசி சேர்த்த மூத்தம்மாமாரை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொருத்தி முஆதா. அவளுடைய கதையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முஆதா ஒரு விதவை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உறவினர் ஒருவர் அவளுக்கு உழ்ஹிய்யா ஆடொன்றைக் கொடுக்கிறார். அவளோ கவலையோடு உட்கார்ந்திருக்கிறாள். என்ன கவலை என்று கேட்டால், வீட்டில் நிர்வகிக்க ஆளில்லை, இந்த ஆட்டில் ஏதாவது ஒரு சிறு பகுதி வீணாகிவிடுமோ என்று பயப்படுகிறேன் என்கிறாள். பிறகு ஒவ்வொன்றாகத் திட்டம் போடுகிறாள். கொம்பைக் கூரைச் சட்டத்தில் கொக்கியாக அடித்துக் கூடைகளைத் தொங்கவிடலாம், எலியும் பூனையும் அண்டாது. குடல் பஞ்சு கொட்டும் வில்லுக்கு நாணாகும். எலும்பை உடைத்து அவித்தால் மிதக்கும் கொழுப்பு விளக்குக்கும் கறிக்கும், மிஞ்சிய எலும்பு அடுப்புக்கு. தோல் பையாகும். சாணம் காய்ந்தால் விறகு. எல்லாம் முடிந்தது, இரத்தம் மட்டும் மிச்சம். ஓடும் இரத்தத்தை உண்பதைத்தான் அல்லாஹ் தடுத்திருக்கிறான், அதற்கும் ஆகுமான ஒரு பயன் இருக்கத்தானே வேண்டும் என்று அவள் தவிக்கிறாள். திடீரென்று முகம் மலர்கிறது. வீட்டில் ஷாம் நாட்டுப் புதுச்சட்டிகள் இருக்கின்றன. சுடச்சுட இரத்தம் பூசினால் சட்டி உறுதியாகும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள்! ஆறு மாதம் கழித்து ஒருவர், அந்த ஆட்டின் உப்புக்கண்டம் எப்படி இருந்தது என்று கேட்கிறார். அதற்கென்ன அவசரம், இன்னும் கொழுப்பும் விலாவும் எலும்புமே முடியவில்லையே என்கிறாள் முஆதா.

இதைப் படித்துச் சிரிக்கும்போது நாம் எதைப் பார்த்துச் சிரிக்கிறோம்? உழ்ஹிய்யாவைப் பார்த்து அல்ல. அந்த வணக்கத்துக்கு அங்கே ஒரு குறையும் வரவில்லை. ஹலால் ஹராம் வரம்பை அந்தப் பெண் ஒரு நூலிழைகூடத் தாண்டவில்லை. அந்த வரம்புக்குள் நின்று அவள் படும் பாடுதான் சிரிப்பு. கொஞ்சம் மரியாதையும் வருகிறது. பசி தெரிந்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும்.

நோன்புக் கஞ்சிக்குப் பாத்திரத்தோடு பள்ளிவாசல் வாசலில் நிற்கும் பிள்ளைகளின் தள்ளுமுள்ளைப் பற்றி நான் எழுதிய கட்டுரை ஒன்றுக்கு, நோன்பைக் கேலி செய்கிறீர்கள் என்று ஒரு வாசகர் கடிதம் எழுதினார். நோன்பைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை, பாத்திரத்தின் அளவைப் பற்றித்தான் எழுதினேன் என்று பதில் போட்டேன். முஆதாவின் கதையையும் சேர்த்து அனுப்பினேன். இரண்டாவது கடிதம் வந்தது. தன் வீட்டிலிருந்து போகும் பாத்திரமும் பெரியதுதான் என்று அதில் எழுதியிருந்தார்.

காழியும் ஈயும்

'கிதாபுல் ஹயவான்' இன்றைய பதிப்பில் ஏழு பாகங்கள். யானை முதல் எறும்பு வரை வருகிறது. இடையிடையே கவிதை, அரிஸ்டோட்டில், பாலைவன அரபிகளின் அனுபவம், பகிடி எல்லாம் வரும். ஒரே விடயத்தைத் தொடர்ந்து சொன்னால் வாசகருக்குச் சலிக்கும் என்பதால் வேண்டுமென்றே திசை திருப்புவதாக அவரே சொல்கிறார். ஆனால் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்: மிகச் சிறிய உயிரிலும் படைத்தவனின் ஞானம் இருக்கிறது, மலையைப் பார்ப்பது போல நுளம்பின் சிறகையும் பார்க்க வேண்டும். அந்நூலில் வரும் ஒரு சிறு பகுதி உலக இலக்கியத்தின் நல்ல நகைச்சுவைகளோடு வைத்து எண்ணத்தக்கது.

பஸராவில் அப்துல்லாஹ் இப்னு ஸவ்வார் என்று ஒரு காழி இருந்தார். கம்பீரத்துக்குப் பெயர் போனவர். காலையில் வந்து ஆசனத்தில் அமர்ந்தால் சாய மாட்டார், கையைக் காலை அசைக்க மாட்டார், திரும்பிப் பார்க்க மாட்டார். கட்டி வைத்த சுவர் போல இருப்பார். தொழுகை நேரத்துக்கு மட்டும் எழும்பிப் போய் வந்து மறுபடி அப்படியே இருப்பார். ஒரு நாள் சபை நிறைந்திருக்கும்போது அவர் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்தது. காழி அசையவில்லை. ஈ நகர்ந்து கண்ணின் ஓரத்துக்கு வந்தது. பொறுத்தார். கடித்தது. மெதுவாக இமையை மூடினார். ஈ போகவில்லை. இமையை அடித்து அடித்துத் திறந்தார். அது எழும்பிப் போய், இமை ஓய்ந்ததும் அதே புண்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. கடைசியில் கையை வீசித் துரத்த வேண்டி வந்தது. சபையோர் காணாதது போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈ மறுபடியும் வந்தது. இப்போது சட்டைக் கை முனையால் விசிறினார். ஒரு முறையல்ல, பல முறை.

எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் காழி பேசினார். ஈயின் பிடிவாதத்துக்குச் சாட்சி சொன்னார். அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்டார். மனிதர்களிலேயே நான்தான் அடக்கமானவன் என்று பெயர் எடுத்திருந்தேன், படைப்புகளிலெல்லாம் பலவீனமான ஒன்று என்னைத் தோற்கடித்து அம்பலப்படுத்திவிட்டது என்றார். பிறகு ஸூறா அல்-ஹஜ்ஜின் 73ஆம் வசனத்தின் கடைசிப் பகுதியை ஓதினார். ஈ ஒன்றைப் பறித்துக்கொண்டால் அதனிடமிருந்து திருப்பி எடுக்கவும் இயலாதவர்களைப் பற்றிய வசனம் அது.

மாணவிகள் இந்தக் கதையின் கட்டமைப்பைப் படிக்க வேண்டும். முதலில் கம்பீரத்தை நிதானமாகக் கட்டி எழுப்புகிறார். நாம் சலிக்கும் அளவுக்கு. பிறகு ஈயின் பயணத்தை மூக்கு, கண்ணோரம், இமை என்று அங்குலம் அங்குலமாகக் காட்டுகிறார். "காழி சிரமப்பட்டார்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருந்தால் சிரிப்பும் இல்லை, சிந்தனையும் இல்லை. காழியை முட்டாளாக்கவும் இல்லை. தோல்வியைத் தன் வாயால் சொல்லி வசனத்தையும் ஓதும்போது அவர் நம் கண்ணில் முன்னையிலும் பெரியவராகிவிடுகிறார். இதே வசனத்தை வைத்து நான் கேட்ட உரைகள் பல. ஈயை நேரில் காட்டியவர் இவர்தான்.

ஒரு மறுபக்கம்

ஜாஹிழைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் இந்தப் பாடம் அரைகுறையாகிவிடும். அவர் முஃதஸிலாக் கொள்கையினர். குர்ஆன் படைக்கப்பட்டது என்ற அவர்களுடைய கருத்தை அப்பாஸிய ஆட்சி அறிஞர்கள் மீது திணித்தது. அதை ஏற்க மறுத்த இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) சிறையும் சவுக்கடியும் அனுபவித்தார்கள். அந்த விசாரணையில் முன்னின்றவர் வேறு யாருமல்ல, ஜாஹிழின் புரவலர் இப்னு அபீ துஆத்தான். அதிகாரத்தின் அந்தப் பக்கத்தை ஆதரித்து ஜாஹிழ் எழுதியதன் பகுதிகள் இன்றும் கிடைக்கின்றன. கொள்கையால் எழுதினாரா, கொடுத்த கைக்காக எழுதினாரா என்று பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் ஒரே திசையில் இருந்தன. அடிபட்டவர் பக்கம் நின்று அவர் எழுதவில்லை என்பது மட்டும் நிச்சயம். ஈயிடம் தோற்ற காழியைச் சிரித்துக்கொண்டே எழுதிய பேனை, சவுக்குக்குப் பின்னால் நின்ற காழிக்கு நூல் சமர்ப்பித்தது. அவரை நான் விரும்பி வாசிக்கிறேன். இந்த இடத்தில் எனக்கு மனம் வலிக்கிறது.

அடுத்த தலைமுறை அறிஞர் இப்னு குதைபா அவரைக் கடுமையாகக் கண்டித்தார். ஒரு விடயத்தையும் அதன் எதிர்மறையையும் ஒரே திறமையோடு வாதாடுகிறார், பாரதூரமான இடத்திலும் பகிடியைக் கலக்கிறார் என்பது குற்றச்சாட்டு. அதே இப்னு குதைபா தம்முடைய 'உயூனுல் அக்பார்' தொகுப்பின் முன்னுரையில், நூலில் பகிடிகளைச் சேர்த்ததற்கு நியாயம் சொல்கிறார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பகிடி கூடாது என்பது அவருடைய கட்சியல்ல. எந்த இடத்தில், எந்த அளவில் என்பதே இருவருக்கும் இடையில் இருந்த வழக்கு.

முதுமையிலும் எழுத்து வேலை அவரை விடவில்லை. அமைச்சர் பத்ஹ் இப்னு காகான் அவருக்கு எழுதிய கடிதமொன்றை யாகூத் பாதுகாத்திருக்கிறார். கிறிஸ்தவர்களின் வாதங்களுக்குப் பதில் எழுதும் நூலை விரைவில் முடித்து அனுப்பும்படி கேட்டு, மாதக் கொடுப்பனவின் நிலுவையும் முன்பணமும் ஏற்பாடாகிவிட்டதாகச் சொல்லும் கடிதம். ஆக்கம் எப்போது வரும் என்று கேட்கும் ஆசிரியரும், காசு எப்போது வரும் என்று பார்த்திருக்கும் எழுத்தாளரும் அன்றும் இருந்திருக்கிறார்கள்.

கடைசிக் காலத்தில் பாரிசவாதம் வந்து பஸராவுக்குத் திரும்பினார். பார்க்க வந்தவர்களிடம், உடலின் ஒரு பக்கத்தைக் கத்தரித்தாலும் தெரியாது, மறுபக்கத்தில் ஈ பறந்தாலும் வலிக்கிறது என்று தம் நோயையும் ஒரு வர்ணனையாக்கிச் சொன்னாராம். ஹிஜ்ரி 255இல், 90 வயதைத் தாண்டிய நிலையில் காலமானார். அடுக்கி வைத்த நூல்கள் சரிந்து விழுந்து இறந்தார் என்பது பின்னர் எழுந்த ஒரு கதை. கட்டுரைப் போட்டிகளில் அதை வரலாறாக எழுதாதீர்கள்.

இனி உங்களுக்கு ஒரு பயிற்சி. அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளன்று உங்கள் வீட்டில் இறைச்சி பங்கிடும்போது ஓர் ஓரமாக இருந்து பாருங்கள். யார் தராசைப் பிடிக்கிறார், யார் பைகளை எண்ணுகிறார், எந்தப் பைக்குள் எலும்பு கூடுகிறது, எந்த வீட்டுக்கு முதலில் போகிறது, பூனை எங்கே நிற்கிறது. 400 சொல்லுக்குள் எழுதுங்கள். எழுதியதை முதலில் அதில் வருகிற ஆளுக்கே, மூத்தம்மாவானாலும் சாச்சாவானாலும், வாசித்துக் காட்டுங்கள். அவர் சிரித்தால் மலர்க்குழுவிடம் கொடுங்கள். சிரிக்காவிட்டால் எந்த வரியில் முகம் மாறியது என்று குறித்துக்கொண்டு, அந்த வரியிலிருந்து மறுபடி எழுதுங்கள்.